முட்டைக்கண்ணியின் சாவுக்காட்சி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நூல் வாங்கும் கடைக்காரரிடமிருந்து உன் முகவரியை வாங்கினேன். அவரைத் திட்டாதே. முதலில் தரமாட்டேன் என்றுதான் சொன்னார். "தம்பின்னு சொல்றீங்க, அக்கா வீடு தெரியாதா?" என்று கேட்டார். அதற்கு நான் முழித்த முழியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு எழுதிக் கொடுத்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மூன்றாவது படம் கிடைத்துவிட்டது. 'பொம்மை தூங்காது'தான். ஒரு பழைய தியேட்டரின் கிடங்கில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால், ஆபரேட்டர் பெரியவர் பெட்டியோடு வைத்திருந்திருக்கிறார். நெகட்டிவ் தண்ணீரில் ஊறிப் போன பிறகு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்று நினைத்திருந்தேன். உலகத்திலேயே இருப்பது இது ஒன்றுதான்.

தேடிப் பிடித்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். மட்டமான பேய்ப் படங்களைப் பார்ப்பதற்கென்றே சங்கம் வைத்திருக்கிறார்கள் அக்கா! கொலைகாரப் பொம்மை என்றால் அவர்களுக்கு உயிர். எனக்குப் போட்டுக் காட்டினார்கள். கத்தியில் ஒட்டிய வெள்ளித்தாள் உரிந்து தொங்கியதற்குக் கைதட்டல். செத்துக் கிடந்த வில்லன் மூக்கைச் சொறிந்ததற்கு விசில். சர்க்கரைப் பாகில் சாயம் கலந்து ரத்தமாக ஊற்றினோமே, அதில் எறும்பு ஏறிக் கதாநாயகி நிஜமாகவே குதிக்கிறாள் அல்லவா, அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆனால் கடைசிக் காட்சி வந்ததும் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பெட்டி மூடி நம் பொம்மை முட்டைக்கண்ணியின் மேல் விழுந்ததிலிருந்து ஒரு சத்தம் இல்லை. முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள். ஒரு பெண் என்னிடம் வந்து, "பொம்மைய ஆட்டினது யாரு சார்? டைட்டில்ல பேரே இல்லையே" என்று கேட்டாள். என் அக்கா என்றேன்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை மதியம், அதே தியேட்டரில் எல்லோருக்குமாகப் போடுகிறார்கள். முட்டைக்கண்ணியோடு நீயும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நானும்தான்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். உன் கை எப்படி இருக்கிறது?

உன் தம்பி

மார்ச் 9

தம்பி,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை, போடவில்லை. உறையின் பின்பக்கம் டெலிபோன் நம்பர் எழுதியிருக்கிறாய். டெலிபோனில் நீ அழுவாய், நான் கத்துவேன், பக்கத்துக் கடைக்காரர் காது கொடுத்துக் கேட்பார். கடிதமே எழுது.

கை எப்படி இருக்கிறது என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். பரவாயில்லை, கடைசி வரியிலாவது ஞாபகம் வந்ததே. வலது கையில் கடைசி இரண்டு விரலும் மடங்காது. டம்ளரைப் பிடித்தால் அவை மட்டும் மகாராணி மாதிரி தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் நான் நாசூக்கு பார்க்கிறேன் என்று நினைக்கிறார்கள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். மெஷின் ஓட்ட எட்டு விரல் போதும். பட்டன் வைப்பதுதான் வராது. அத்தான் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து வைத்துக் கொடுக்கிறார். முகம் சுளித்ததில்லை.

அந்தப் பெண் கேட்டதில் என்ன தப்பு? டைட்டிலில் என் பேர் எங்கே இருந்தது? 'முட்டைக்கண்ணியாக நடித்திருப்பது: முட்டைக்கண்ணி' என்று போட்டாய். பொம்மைக்கு உயிர் இருக்கிறது என்று ஜனங்கள் நம்பினால்தான் பயப்படுவார்கள் என்றாய். நானும் தலையாட்டினேன். பொம்மையின் தலையையும் என் தலையையும் சேர்த்து நான்தானே ஆட்டிக்கொண்டிருந்தேன்.

நீ போட்ட சட்டம் ஞாபகம் இருக்கிறதா? கேமரா ஓட ஆரம்பித்தால் அக்கா என்று ஒருத்தி கிடையாது. மேசைக்கு அடியில், சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, மல்லாந்து படுத்துக் கிடக்கிறவளை யாரும் கூப்பிடக் கூடாது. எதுவானாலும் முட்டைக்கண்ணியிடம்தான் பேச வேண்டும். போகப் போகக் கேமரா ஓடாதபோதும் அப்படியே ஆகிவிட்டது. டீ வேண்டுமா என்றுகூட அவளிடம்தான் கேட்பீர்கள். நானும் அவள் கீச்சுக் குரலில் "சர்க்கரை தூக்கலா" என்பேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் கிடந்தேன். மேசையிலும் அதன்மேல் இருந்த பெட்டியிலும் ஓட்டை. அதன் வழியாகக் கையை மேலே விட்டிருந்தேன். முட்டைக்கண்ணி பெட்டியின் விளிம்பைப் பிடித்து ஏற வேண்டும், கதாநாயகி மூடியை அறைந்து சாத்த வேண்டும். மூடி முழுக்க இறங்காதபடி உள்ளே ஒரு மரக்கட்டை வைத்திருந்தோம். அவள் அறைந்த வேகத்தில் கட்டை தெறித்து என் முகத்தின்மேல் விழுந்தது. முட்டைக்கண்ணியின் ஒரு கைக்குள் என் இரண்டு விரல் இருந்தது. தேக்குப் பலகை.

"எடு! மூடிய எடு!" என்று கத்தினேன். நீ எடுக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்தாய்.

அது தெரியாமல் நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்த பிறகும் அதையே படத்தில் வைத்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் வலியில் துடித்ததற்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் கைதட்டினார்கள். இப்போது இன்னொரு கூட்டம் தட்டப் போகிறது. நான் வரவில்லை.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போடாவிட்டாலும் நான் போடுவேன்.

உன் கடிதத்தில் இருப்பதெல்லாம் உண்மை. ஆனால் என் பக்கத்தையும் ஒருமுறை கேள். நான் எழுதியிருந்த வசனம் "விட்டுடு, விட்டுடு" என்பது. நீ "எடு" என்றாய். நான் எழுதியதை நீ என்றைக்கு அப்படியே பேசியிருக்கிறாய்? எப்போதும் மாற்றுவாய், மாற்றியது எப்போதும் நன்றாக இருக்கும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். "எங்க அக்கா என்னமா பண்றா பாரு" என்று கேமராமேன் சோடாபுட்டியின் தோளைத் தட்டினேன். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இத்தனை வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது. ஏன் அக்கா அவள் குரலில் கத்தினாய்? உன் சொந்தக் குரலில் "தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. மேசையையே புரட்டிப் போட்டிருப்பேன்.

அந்தக் காட்சியை ஏன் வைத்தேன் என்றால், அது இல்லாமல் படத்துக்கு முடிவே இல்லை. நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது வேறு ஒருவரை அடியில் படுக்க வைத்து எடுத்துப் பார்த்தேன். நல்ல மனிதர், சொன்னதையெல்லாம் செய்தார். பொம்மை பொம்மையாகவே இருந்தது. பழைய காட்சியை வெட்டி ஒட்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பாய். சத்தத்தை மூடத் தெரியவில்லை.

படம் வெளியான முதல் நாள் நீ கட்டுப் போட்ட கையோடு பாதிக் கைதட்டலில் எழுந்து வெளியே போனாய். பின்னாலேயே ஓடிவந்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா, அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது. நம் ஆபீசுக்குத் திரும்பினால் முட்டைக்கண்ணியையும் காணோம், உன்னையும் காணோம். அம்மா போன அன்றுகூட நீ கூடத்தில் இருந்தாய், நான் தெருவில் நின்றேன். சொந்தக்காரர்கள் நம் இருவருக்கும் நடுவில் தூது போய்க் கால் ஓய்ந்தார்கள்.

நான் என்ன செய்தால் உன் மனம் ஆறும்? சொல், செய்கிறேன்.

தம்பி

மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தைத்து முடிக்க வேண்டிய பாவாடைகள் மலையாகக் கிடக்கின்றன. அதனால்தான் தாமதம் என்று எழுத நினைத்தேன். பொய். உன் கேள்விக்குப் பதில் எழுத எனக்குத் தைரியம் வர இத்தனை நாள் ஆனது.

நேற்று முட்டைக்கண்ணியை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஒரு கண் கழன்று உள்ளே விழுந்திருந்தது. என் தலைமுடியை வெட்டி ஒட்டியிருந்தோம் அல்லவா? எனக்கு நரைத்துவிட்டது, அவளுக்கு அப்படியே கறுப்பாக இருக்கிறது, கழுதை. வலது கையை உள்ளே விட்டேன், அந்த இரண்டு விரலும் போகவில்லை. இடது கையை விட்டேன். துணி வெட்டும் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். பட்டன் டப்பாவோடு வந்த அத்தான் அவளிடம், "என்னம்மா, சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார். பிறகு குனிந்து என்னையும் பார்த்துக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ சின்னவனாக இருந்தபோது, காலுறையில் கண் வரைந்து, போர்வைக்கு உள்ளே கையை விட்டு உனக்குக் கதை சொல்வேன். அந்தக் கீச்சுக் குரல் அப்போதே வந்ததுதான். ஒருநாள் அப்பாவிடம் அடி வாங்கிவிட்டு வந்து, அதே குரலில், அதே கதையைச் சொன்னேன். நீ போர்வையை இழுத்துவிட்டு, "நீ அழறே" என்றாய். அதுவரை என் முகத்தை நீ பார்க்கவே இல்லை. குரலை வைத்தே கண்டுபிடித்தாய்.

அதனால்தான், தம்பி. என் குரலில் கூப்பிட்டால் நீ நிறுத்துவாய் என்று எனக்குத் தெரியும். காட்சி போய்விடும். அது எவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது என்று அடியில் கிடந்த எனக்கு என் முழங்கையிலேயே தெரிந்தது. அவள் குரலில் கத்தினால் மற்றவர்களுக்கு நடிப்பாக இருக்கும், உனக்கு மட்டும் புரியும், தேவையானவரை ஓடவிட்டு வந்து தூக்கிவிடுவாய் என்று நினைத்தேன். இதெல்லாம் யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அதுதான் உண்மை.

நீ நிறுத்தவில்லை என்று இத்தனை வருஷமும் பொருமினேன். உனக்குக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உள்ளூர வலித்தது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் காட்சியை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. பார்த்த அன்று கோபத்தில் கண் தெரியவில்லை. மூடிக்கு வெளியே இருந்த கையால் அவள் பலகையைத் தடவித் தடவிப் பார்ப்பாளாமே, தலை மெல்லத் திரும்புமாமே. அதுதான் நான் செய்ததிலேயே நல்ல வேலை. வலியோடு செய்தேன், ஆனாலும் செய்தவள் நான். சனிக்கிழமை கடைசி வரிசையில் வந்து உட்காருகிறேன். மேடைக்குக் கூப்பிடாதே. ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

அக்கா

மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. வராது என்றும் புரிந்துகொண்டேன். என்ன செய்தால் மனம் ஆறும் என்று உன்னையே கேட்டது என் மடத்தனம். அடிபட்டவளிடமே மருந்தும் கேட்டால் எப்படி?

பிள்ளைகள் போஸ்டர் அடிக்கப் போவதாகச் சொன்னார்கள். மூடிக்கு அடியில் சிக்கிய முட்டைக்கண்ணியின் கை. அந்தப் படத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தத் துணிக்கு உள்ளே இருப்பது உன் விரல் என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே.

இன்று காலை தியேட்டருக்குப் போனேன். ஆபரேட்டர் பெரியவரிடம் ஒட்டும் கருவியை வாங்கி, கடைசிக் காட்சியை முழுக்க வெட்டி எடுத்துவிட்டேன். "வெட்டினா ஒட்டிக்கலாம், எரிச்சா வராது, யோசிச்சுச் செய்ங்க" என்று அவர் இரண்டு முறை சொன்னார். கையில் இருந்தால் என்றைக்காவது சபலம் வந்து ஒட்டிவிடுவேன் என்று எனக்கே என்மேல் பயம். பின்பக்கம் தகர வாளியில் போட்டுக் கொளுத்திவிட்டேன். நாற்றம் இன்னும் சட்டையில் இருக்கிறது.

கதாநாயகி அறைந்து சாத்துவதற்காக மூடியைத் தூக்குவதோடு படம் நின்றுவிடும். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கட்டும். இனி உன் வலிக்கு யாரும் கைதட்டமாட்டார்கள் அக்கா. இதை அன்றைக்கே செய்திருக்க வேண்டும்.

தம்பி

மார்ச் 26

அக்கா,

உன் கடிதம் இன்று வந்தது.

வாளியைப் போய்ப் பார்த்தேன். அடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு ஏதோ கிடக்கிறது. அவ்வளவுதான். கையால் சுரண்டினேன், பொடிப்பொடியாக வந்தது. ஆபரேட்டர் பெரியவர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

என் வாழ்க்கையில் உன்னைக் கேட்டு நான் ஒன்றுமே செய்ததில்லை. வைத்தபோதும் கேட்கவில்லை, எரித்தபோதும் கேட்கவில்லை. உனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, உன் பேர் போடாத படத்தில் நீ இருந்த ஒரே இடத்துக்கும் தீ வைத்தேன். மூன்று நாள் பொறுத்திருந்தால் என்ன? தபால்காரர் அன்றைக்கே வந்திருந்தால் என்ன என்று அந்த மனிதர்மேல்கூடக் கோபம் வருகிறது. அவர் என்ன செய்வார்.

போர்வை ஞாபகம் இருக்கிறது. காலுறையின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது, பச்சை. அன்று கேட்ட காது பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. பேய்ப் படம் எடுக்கிறேன் என்று ஒருவேளை அதை மூடிக்கொண்டேனோ என்னவோ.

சனிக்கிழமைக் காட்சியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நீ வர வேண்டாம். வந்தால் பார்க்க ஒன்றும் இல்லை.

தம்பி

மார்ச் 30

தம்பி,

முதலில் நீ கொளுத்தியதாக எழுதிய கடிதம் வந்தது. கத்தரியை வீசியதில் கண்ணாடி ஜன்னல் போனது. உன்னைத் திட்டிய திட்டில் என்னோடு தைக்கும் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டார்கள். பக்கத்துக் கடையிலேயே டெலிபோன் இருந்தும் வீம்பு பிடித்துக் கடிதம் எழுதினேனே என்று என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டேன். அன்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் அது இருந்திருக்கும். வீம்பில் நாம் இரண்டு பேரும் ஒரே அச்சு, அம்மா அடிக்கடி சொல்வாள்.

அது போனது போனதுதான். அதை நினைத்து நான் இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறேன். உன்னை மன்னித்தேன் என்று எழுதச் சொல்லி அத்தான் பக்கத்தில் நின்றார். வராததை எப்படி எழுதுவது? பட்டன் வையுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

ஆனால் காட்சியை நிறுத்தாதே. பிள்ளைகளிடம் போய், காட்சி உண்டு என்று சொல். நான் வருகிறேன், அவளும் வருகிறாள். கண்ணைத் தைத்துவிட்டேன்.

கதாநாயகி மூடியைத் தூக்கும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு மேடை விளக்கைப் போடச் சொல். ஒரு மேசை, அதன்மேல் ஒரு பெட்டி, இரண்டிலும் ஓட்டை. மரக்கட்டையை இந்த முறை நானே வைத்துக்கொள்கிறேன், உங்கள் ஆட்களை நம்ப முடியாது. இடது கையால் செய்கிறேன். பழையது போல வராது. அன்று என் கை என்ன செய்தது என்று எனக்கே தெரியாது, நானும் பார்த்ததில்லை. வருகிறதைச் செய்வேன்.

கதாநாயகி வேண்டாம். மூடியை நீ சாத்து. அவள் கத்துவாள், கெஞ்சுவாள், வசனத்தை மாற்றிப் பேசுவாள். ஒரு இடத்தில் நிஜமாகவே கூப்பிடுவேன், அவள் குரலில்தான். அப்போது நீ மூடியைத் தூக்க வேண்டும். எந்த இடம் என்று முன்கூட்டியே சொல்லமாட்டேன். சைகையும் கிடையாது.

உனக்குக் கேட்கிறதா என்று பார்க்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இது சனிக்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வரவேண்டும் என்று தபாலாபீசுக்கு நானே போய்ப் போடுகிறேன். அதோடு பக்கத்துக் கடைக்கு டெலிபோனும் செய்யப் போகிறேன். நீ கத்தினால் கத்து.

பிள்ளைகள் குதிக்கிறார்கள். உன் பேரைப் போட்டு ஒரு அட்டை எழுதியிருக்கிறார்கள், படம் ஆரம்பிக்கும் முன் திரையில் காட்டுவார்களாம். எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இந்த முறையும் கேட்காமல் போனால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. சாத்திய மூடியைத் தூக்கத் தயாராக, அதிலிருந்து கையை எடுக்கமாட்டேன், அது மட்டும் சொல்ல முடியும்.

நீ சொன்னபடி பெட்டி தயார். தேக்கு இல்லை, அட்டைப் பலகை. மேசையும் கிடைத்துவிட்டது. நீ படுக்க அடியில் மெத்தை போட்டிருக்கிறேன். சுற்றிக் கட்டச் சொல்லிப் பிள்ளைகள் கறுப்புத் துணி கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை மடித்து அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தம்பி